ஹார்ன்பீம் மரமும் எப்பிங் காடும்

தென்கிழக்கு இங்கிலாந்தின் பழங்காடுகளில் ஹார்ன்பீம் மரத்தைப் பீச் என்று எண்ணி ஏமாறுவோர் பலர். இரண்டின் பட்டையும் சாம்பல் நிறம், வழுவழுப்பு. ஆனால் ஹார்ன்பீமின் அடிமரம் உருண்டையாக இராது. முறுக்கேறிய புஜம் போல மேடும் பள்ளமுமாக நெளிந்திருக்கும். ஐயம் தீர்ப்பது இலைதான். பீச் இலையின் விளிம்பில் பற்கள் இல்லை என்றே சொல்லலாம். ஹார்ன்பீம் இலையிலோ பெரிய பற்களின் மேல் சிறு பற்கள், ஆழப் பதிந்த பக்க நரம்புகள். வசந்தத்தில் ஆண் பூங்கொத்துகள் சரம்சரமாகத் தொங்கும். பெண் பூக்களும் அதே மரத்தில்தான். பின்னர் ஒவ்வொரு சிறு கொட்டையையும் மூன்று மடல் கொண்ட பூவடிச்செதில் தாங்கும்.

உளியை மழுங்கடிக்கும் கடினம் ஹார்ன்பீம் கட்டைக்கு உண்டு. ஆலைச் சக்கரங்களின் பற்கள், நுகத்தடி, இறைச்சிக் கடைக் கட்டை என்று பயன்பட்டாலும், பெரும்பங்கு அடுப்புக்கே போயிற்று. லண்டனையொட்டிய எப்பிங் காட்டில் மாடும் மானும் துளிரை மேயாதபடி, ஆள் உயரத்துக்கு மேலேதான் கிளை வெட்டினார்கள். லௌட்டன் கிராமத்தாருக்கு இப்படிக் கிளை வெட்டி விறகு எடுக்கும் உரிமை நவம்பர் 11 நள்ளிரவு முதல் ஏப்ரல் 23 வரை இருந்தது. நில உரிமையாளர் காட்டை வேலியடைத்தபின், 1866-இல் அவ்வூர் வில்லிங்கேல் குடும்பத்தார் சிலர் கிளை வெட்டியதற்காகச் சிறை சென்றனர். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைக் காத்தது, விறகுரிமையை முடித்தது. அந்த உரிமைக்கு ஈடாகக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் எழுந்த 'லாப்பிங் ஹால்' (கிளைவெட்டு மண்டபம்) 1884-இல் திறக்கப்பட்டது.