கொல்லை நிழலும் மண்ணறிவும்

நிலக்கணக்கு என்றதும் வரியையே எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு சீமையின் வாழ்வும் தாழ்வும் அதிலேயே பதிந்துள்ளன. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பார் அங்கு ஊர் ஊராக எடுத்த கணக்கில் வயல், ஏரி, குளம் ஆகியவற்றோடு தோட்டமும் தோப்பும் இடம்பெற்றன. 1780இல் மூண்ட போரில் அச்சீமை பாழாயிற்று. குடிகள் பலர் ஊர்விட்டு அகன்றனர். 1790களில் அங்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் பெரிதும் முனைந்தார். பாழ்நிலத்துக்கு முதல் தேவை விதையன்று. நீரைத் தாங்கும் வலிமையே என்பது இதனால் விளங்கும்.

அரபு உழவு நூலோரும் மண்ணிலிருந்தே தொடங்கினர். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், இன்று டொலிடோ எனப்படும் துலைத்துலாவின் அரசர் மஃமூனின் தோட்டத்தைப் பேணிய இப்னு பஸ்ஸால், மண்ணைப் பத்து வகையாகப் பகுத்தார். அந்நகர் 1085இல் கைமாறியது. அவரோ, இன்று செவில் எனப்படும் இஷ்பீலியாவில் மீண்டும் தோட்டம் வளர்த்தார். பின்னர் அந்நகரில் தோன்றிய இப்னுல் அவ்வாம் தம் ‘கிதாபுல் ஃபிலாஹா’வில் 585 செடிகொடி மரங்களை விவரித்தார்.

இனி நம் கொல்லைக்கு வருவோம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோரத்தில் மணல் மிகுதி. அது நீரை நிறுத்தாது. மாமரத்தடியில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பாத்தியில் களைகளை வேரோடு அகற்றி, மரத்தின் பெருவேர்களை வெட்டாமல் மேல்மண்ணை மட்டும் கிளறுக. மட்கிய எருவும் இலைச்சருகும் சிறிது ஏரிவண்டலும் கலந்திடுக. மரத்தின் அடியை மண்ணால் மூடலாகாது. ஐப்பசி மழைக்கு முன் இப்பணி முடிதல் நன்று.

அங்கே மல்லிகையும் ரோஜாவும் நட்டுவிட்டு, பூக்கவில்லையென மண்ணைப் பழிப்போர் பலர். அவை வெயிலை நாடுவன. அரைநிழலுக்கு மஞ்சளும் இஞ்சியும் கூவைக்கிழங்கும் இசையும். ஈரம் நிற்கும் இடத்தில் சேம்பும் வல்லாரையும் தழைக்கும். வெற்றிலையும் திப்பிலியும் மரத்தைப் பற்றிப் படரும். கொடிக்காலில் அகத்தி நிழலிலன்றோ நம் முன்னோர் வெற்றிலை வளர்த்தனர்!

வெயில் வேண்டுமென்று பாட்டனார் நட்ட மரத்தை வீழ்த்த எண்ணுவோர், முதலில் இவ்வாறு ஓராண்டு அப்பாத்தியைப் பேணிப் பார்க்கட்டும். வெட்டிய மரத்தின் நிழல் மீள ஒரு தலைமுறை செல்லும்.