அரெட்சோ நகரின் பியேவே ஆலயம்

இத்தாலியின் தோஸ்கானா மாநிலத்தைச் சேர்ந்த அரெட்சோ நகரின் பழைய பங்குக் கோவில். முழுப்பெயர் சாந்தா மரியா டெல்லா பியேவே. கன்னி மரியாளின் விண்ணேற்புக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. ‘பியேவே’ என்பது, மக்கள் எனப் பொருள்படும் ‘பிளெப்ஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. இடைக்கால இத்தாலியில் திருமுழுக்குத் தொட்டி எல்லாக் கோவிலிலும் இருக்காது. அந்த உரிமை பெற்ற தாய்ப்பங்குதான் பியேவே. சுற்றுவட்டாரக் குழந்தைகளை அங்கேதான் கொண்டுவர வேண்டும்.

அரெட்சோவில் இந்தப் பெயருக்குக் கூடுதல் கனம் உண்டு. ஆயரின் பேராலயம் நெடுங்காலம் மதிலுக்கு வெளியே, பியோந்தா என்ற குன்றின்மேல் இருந்தது. திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஆணையிட்ட பிறகு, 1203இல்தான் ஆயரின் இருக்கை நகருக்குள் வந்தது. அதுவரையிலும், அதற்குப் பின்னரும் கடைவீதிக்காரர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் ‘நம்ம கோவில்’ பியேவேதான். 

கோவிலைப் பற்றிய முதல் ஆவணம் 1008ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்போது நிற்கும் கட்டடத்தின் வேலை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி 14ஆம் நூற்றாண்டு வரை இழுத்தது.

கோர்சோ இத்தாலியா என்ற ஏற்றமான தெருவில் போகிறவர் முகப்பை முழுதாகப் பார்க்க வழியில்லை. தெரு அவ்வளவு குறுகல். அண்ணாந்து, பகுதி பகுதியாகத்தான் பார்க்க முடியும். மணற்கல்லால் ஆன முகப்பின் அடியில் சுவரோடு ஒட்டிய ஐந்து குருட்டு வளைவுகள். அவற்றின்மேல் மூன்று தூண்வரிசை மாடங்கள்: முதல் அடுக்கில் 12 தூண்கள், அடுத்ததில் 24, உச்சியில் 32. மேலே போகப்போகத் தூண்கள் நெருங்குகின்றன. கீழ் இரண்டு அடுக்குகளில் வளைவுகள் உண்டு. உச்சி அடுக்கில் வளைவில்லை, தூண்களின்மேல் நேரே உத்தரக்கல். பீசா, லூக்கா நகரங்களின் ரோமனெஸ்க் பாணி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றின் பளிங்குப் பளபளப்பு மட்டும் வரவில்லை. மொத்தம் 68 தூண்கள். ஒன்று முறுக்கிய கயிறுபோல, இன்னொன்று நெளிகோடு செதுக்கியது, வேறொன்று மனித உருவமாகவே நின்று பாரம் தாங்குவது. சிற்பிகள் விளையாடியிருக்கிறார்கள்.

நடுவாசலுக்கு மேலுள்ள அரைவட்டச் சிற்பத்தில் 1216 என்ற ஆண்டும் மார்க்கியோனே என்ற சிற்பியின் பெயரும் இருக்கின்றன. வாசல் வளைவின் உட்புறத்தில் பன்னிரண்டு மாதங்களும் அவற்றுக்குரிய வேலைகளோடு வரிசையாக வருகின்றன. ஜனவரிக்கு இரண்டு முகம்: பழைய ரோமானியரின் வாசல் தெய்வமான யானுஸ், மரியாளின் வாசலிலும் இடம்பிடித்துவிட்டார். சிற்பங்களில் பூசிய பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த வாசலின் அரிய சிறப்பு. 

1330இல் முடிந்த மணிக்கோபுரத்தின் உயரம் 59 மீட்டர். ஊரார் இதை ‘நூறு பொந்துக் கோபுரம்’ என்பார்கள். உண்மையில் ஐந்து அடுக்கு, அடுக்குக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பக்கமும் சேர்த்து 40 இரட்டைச் சாளரங்கள். திறப்புகளாக எண்ணினால் 80. மீதி இருபது ஊர்ப்பெருமைக் கணக்கு. பின்புறத்து அரைவட்ட மாடம் பியாட்சா கிராண்டே என்ற சரிவான சதுக்கத்தைப் பார்த்து நிற்கிறது. 1997இல் வந்த ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ படத்தில் இந்தச் சதுக்கத்தைப் பலர் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள்.

உள்ளே மூன்று நடைகள். நிலவறைக்கு மேலே உயர்த்திக் கட்டிய பீடப்பகுதி. இங்குள்ள, நகரின் பாதுகாவலரான புனித தொனாத்தோவின் வெள்ளி மார்புருவம் 1346இல் செய்யப்பட்டது. பெரும்புகழ் உயர்பீட ஓவியத்துக்குத்தான். ஆயர் குயிதோ தார்லாத்தி 1320இல் சியனா நகரத்து ஓவியர் பியெத்ரோ லொரென்செத்தியிடம் எழுத்து ஒப்பந்தம் போட்டு வரையவைத்தது அது. நடுவில் மரியாளும் குழந்தையும். மரியாளுக்கு வழக்கமாக வரும் நீல மேலாடை இங்கில்லை. பூவேலைப்பாடு செய்த வெண்பட்டு. அரசகுலப் பெண்ணைப் போன்ற அந்த உடையில், தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோவிலின் கதையில் மிகவும் சிக்கலானவர் ஜார்ஜோ வசாரி. 1511இல் இதே ஊரில் பிறந்தவர். இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர். முகப்பைக் கட்டியவர் மார்க்கியோனே என்று எழுதியவரும் இவர்தான்; ஒரு சிற்பத்தின் பெயரெழுத்தை வைத்துக்கொண்டு கட்டடம் முழுவதையும் ஒருவர் கணக்கில் எழுதுவது துணிச்சலான வேலை. பண்டைய ரோமின் அளவைகளில் ஊறிய அவர் கண்ணுக்கு, ஒன்றுபோல் ஒன்றில்லாத அந்தத் தூண்கள் ஒழுங்கற்றவையாகவே பட்டன. ஆனால் கோவில்மீது அவருக்கிருந்த பாசம் பொய்யில்லை. 1560களில் உட்புறத்தைத் தன் காலத்து ரசனைக்கேற்பச் சீரமைத்தார். உயர்பீடத்திலிருந்து லொரென்செத்தியின் ஓவியத்தை அகற்றி வேறொரு பீடத்துக்கு மாற்றினார். அந்த இடத்தில் தன் குடும்பக் கல்லறைப் பீடத்தை எழுப்பினார். 1574இல் ஃபிளாரன்ஸில் இறந்தவரை இங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

19ஆம் நூற்றாண்டுக்காரர்களுக்கு இடைக்காலத்தின்மேல் ஆசை வந்தது. பின்னாளில் சேர்த்ததெல்லாம் களையப்பட வேண்டும் என்று கிளம்பியவர்கள் வசாரியின் வேலையையும் களைந்தார்கள். அவருடைய பீடம் 1865இல் அதே நகரின் பாதியா ஆலயத்துக்குப் போனது. லொரென்செத்தியின் ஓவியம் இன்று மறுபடியும் உயர்பீடத்தில் இருக்கிறது, அதன் அடிப்பலகைச் சிற்றோவியங்கள் இல்லாமல்.