சுமை இறங்கிய இடம்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஊர்தோறும் சென்று பாத்திரங்களின் ஓட்டையடைத்துப் பிழைத்தவர் ஜான் பனியன் (1628–1688). இளமையில் தாம் பாவி என்னும் எண்ணம் அவரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. அச்சோர்வினின்றும் மீண்டு போதகரானவரை, அரசின் அனுமதியின்றிப் போதித்தார் என்று 1660இல் பெட்போர்டில் சிறையிட்டனர். ‘இனிப் போதிக்கேன்’ என ஒரு சொல் உரைத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம், உரைத்தாரில்லை. 12 ஆண்டுகள் கழிந்தன. கண்பார்வையற்ற தம் மூத்த மகளின் நினைவே தம்மை மிகுதியும் வருத்தியதென அவரே எழுதியுள்ளார்.

1678இல் வெளிவந்த அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’ முதுகில் சுமையோடு நடக்கும் ஒரு மனிதனின் கதை. சிலுவையடியில் அச்சுமை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. கதை அங்கே முடியவில்லை என்பதுதான் கருதத்தக்கது. அடுத்து ஒரு செங்குத்து மலை. இடைவழியில், இளைப்பாறவென்றே இறைவன் அமைத்த நிழற்பந்தல். பயணி அங்கே அமர்ந்தவன் அயர்ந்து உறங்கிவிடுகிறான். கையிலிருந்த சுருள் நழுவிப் போகிறது. அதைத் தேடி வந்த வழியே மீள வேண்டியதாகிறது. ஒருமுறை நடக்க வேண்டிய வழியை மும்முறை நடக்கிறான். இளைப்பாறுதல் வேறு, உறக்கம் வேறு என்பதைச் சிறையிருந்தவர் நன்கறிவார் போலும்!

இக்கதை தமிழில் காப்பியமானது நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையால் (1827–1900). வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் கிறித்தவரானவர் அவர். சமயம் மாறினார், கம்பனைத் துறந்தாரில்லை. 1894இல் நூலாக வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ 3,700க்கும் மேற்பட்ட செய்யுட்கள் கொண்டது. பனியன் சிலுவைக் காட்சியைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். பிள்ளையவர்களோ கிறிஸ்துவின் பாடுகளை ஒரு படலமாகவே விரித்துப் பாடுகிறார். சுமை எங்ஙனம் இறங்கிற்று என்பதினும் யார்மேல் இறங்கிற்று என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். மூல நூலை மீறிய இப்பகுதியே காப்பியத்தின் உயிர் என்பேன்.

மற்றொன்று. பனியனின் உரைநடைக் கதையிலும் இடையிடையே சிறு பாடல்கள் உண்டு. பிள்ளையவர்கள் தம் காப்பியத்துள் அமைத்த இசைப்பாடல்களுக்கோ தேவாரம் என்றே பெயரிட்டார். களைத்த உள்ளம் பாடி ஆறும் என்பது சைவ, வைணவ அடியார் வழியே வந்த மரபன்றோ? நம் வட்டத்தின் கூட்டமொன்றில் அப்பாடல்களை ஓதுவார் ஒருவர் பண்ணோடு பாடக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவை கண்ணாற் படித்துக் கடப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல.