தாலாட்டும் எழுத்தும்: குமரிக் குழந்தைகளின் மொழி வரலாறு

'தால்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கு நாக்கு என்பது பொருள். நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு ஆயிற்று என்பர். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கும் பிள்ளைத்தமிழில், ஐந்தாம் மாதத்திற்குரியது செங்கீரைப் பருவம். 'கீர்' என்பதைச் சொல் எனக் கொண்டு, குழந்தை பொருள் புலப்படாத இனிய ஒலிகளை எழுப்பும் காலம் என்று அதனை விளக்குவோர் உளர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடிய முஸ்லிம் புலவர்களும் இம்மரபையே தழுவினர்.

அரபு நாட்டிலும் இத்தகைய கூர்நோக்கு இருந்தது. மக்கத்துக் குறைஷிகள் தம் கைக்குழந்தைகளைப் பாலைநிலத்துச் செவிலியரிடம் ஒப்படைத்தனர். நபிகளாரை வளர்த்த ஹலீமா அம்மையார் பனூ ஸஅத் கிளையினர். தூய காற்றோடு தூய அரபு மொழியும் வாய்க்க வேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் நோக்கம் என வரலாற்றாசிரியர் கூறுவர். மொழி பாடத்தால் அன்று, சூழலால் படிகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இவ்வுணர்வை இக்கால ஆய்வும் உறுதி செய்கிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் இல்லங்களின் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இந்தி மொழியின் தகர, டகர ஒலிகளைப் பிரித்தறிந்தனர். ஓராண்டு நிறையும் தறுவாயில் அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. 'பத்து', 'பட்டு' எனும் சொற்களைக் கேட்டு வளரும் தமிழ்க் குழந்தைக்கோ அவ்வேறுபாடு நிலைத்துவிடுகிறது. எழுத்தறியும் முன்பே செவி தன் மொழியைத் தேர்ந்துகொள்கிறது.

அரபுத் தமிழின் தோற்றத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். டகரம், பகரம், ழகரம், ளகரம் முதலிய ஒலிகளுக்கு அரபு நெடுங்கணக்கில் எழுத்தில்லை. நம் முன்னோர் அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் இட்டு அவ்வொலிகளைக் காத்தனர். எழுத்துக்காக நாவை மாற்றவில்லை. நாவுக்காக எழுத்தை மாற்றினர். தமிழெழுத்து அறியாத பெண்கள் பலருக்கும் மார்க்க நூல்கள் இவ்வாறே தாய்மொழியில் கிட்டின.

வீட்டின் மொழியும் பள்ளியின் எழுத்தும் வேறுபட்ட நிலையைக் குமரி மாவட்டம் நெடுங்காலம் கண்டது. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்துடன் இணையும் வரை இப்பகுதி மலையாளத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட அரசின்கீழ் இருந்தது. 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் மலையாளவழியில் பயின்றவர். எனினும் அவரது படைப்பின் மொழி தமிழே. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வெளிவந்தது. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. மலையாளமும் அரபும் கலந்த கடற்கரைப் பேச்சு அவர் பக்கங்களில் உயிர்ப்புடன் திகழ்கிறது. அது பாடப்புத்தகம் தந்த தமிழன்று. முற்றத்திலும் கரையிலும் செவிவழி வந்த செல்வம்.

இச்செல்வத்தை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு வழங்குகிறோம் என்பதே இன்றைய வினா. பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றியது. சீனமொழி பேசுவோர் நேரில் விளையாடிப் பேசியபோது அம்மொழியின் ஒலிகளை அக்குழந்தைகள் அறிந்துகொண்டனர். அதே பேச்சைத் திரையில் கண்டவர்களிடமும் ஒலிப்பதிவில் கேட்டவர்களிடமும் அப்பயன் காணப்படவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மலையாள எழுத்தும் அரபு ஓதலும் குமரிப் பிள்ளைகளின் தமிழை அழிக்கவில்லை. வீட்டில் அம்மொழி ஓயாது ஒலித்ததே காரணம். பாட்டியின் பேச்சைக் கொச்சையென்று விலக்கி, அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுக்கும் இல்லத்தில் அக்காரணம் இல்லாமற் போகிறது. அப்பிள்ளைக்குப் பிற்காலத்தில் பள்ளி தமிழெழுத்தைக் கற்பிக்கலாம். தொட்டிலருகே கேட்கத் தவறிய தமிழை அப்பள்ளியால் முழுமையாக ஈடுசெய்தல் அரிது.