ஐந்தெழுத்து

2007 ஜூனில் ஹாலிவுட் நடிகை காமரான் டயஸ் பெரு நாட்டின் மச்சு பிச்சு இடிபாடுகளைப் பார்க்கப் போனார். தோளில் ஒரு பச்சைப் பை. அதில் ஒரு சிவப்பு நட்சத்திரம், ஐந்து சீன எழுத்துக்கள். 'மக்களுக்குச் சேவை செய்' என்று பொருள். பெருவில் மனித உரிமைக்காக உழைத்தவர்கள் இதைக் கண்டித்தார்கள். சீனாவில் சுற்றுலாப் பயணியாக வாங்கிய பை, அந்த வாசகம் புண்படுத்தும் என்று தெரியாது என்று சொல்லி நடிகை மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அப்போது நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். செய்தியைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. படைப்பைப் படைப்பாக மட்டும் பார். எழுதியவன் யார், எந்தக் காலம், யார் கையில் புழங்கியது என்பதெல்லாம் வெளி விவகாரம் என்று பாடம் கேட்ட நாட்கள். அந்தப் பாடத்தின்படி 'மக்களுக்குச் சேவை செய்' என்பதில் புண்பட என்ன இருக்கிறது? எந்த நகராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதிவைக்கலாம். பெருவின் சரித்திரத்தைப் பிறகு படித்தபோதுதான் சிரித்தது தப்பு என்று பட்டது. நம்மிடையே அந்தப் பாடம் இன்னும் செல்வாக்கோடு இருப்பதால் இதை எழுதத் தோன்றியது.

வாசகத்தின் பிறப்பில் கௌரவம் இருக்கிறது. 1944 செப்டம்பரில் யெனான் பகுதியில் கரிச்சூளை சரிந்து ஒரு சாதாரணச் சிப்பாய் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் மாவோ பேசிய பேச்சின் தலைப்பு இது. பின்னால் மாவோவின் கையெழுத்திலேயே, பெய்ஜிங்கில் கட்சித் தலைமை இருக்கும் ஜோங்நன்ஹாய் வளாகத்தின் வாசலில் இடம்பிடித்தது. நமக்கு ஐந்தெழுத்து என்றால் வேறொன்று நினைவுக்கு வரும்; கலாசாரப் புரட்சியின் பத்தாண்டுகளில் சீனர்களுக்கு இதுவும் அப்படி ஒரு ஜபம்தான். பேட்ஜிலும் பையிலும் அணிந்தார்கள். புரட்சி ஓய்ந்து சந்தை திறந்ததும் அதே பை சுற்றுலாக் கடைக்கு வந்தது.

பெருவில் அந்த ஜபம் வேறு வழியில் போயிற்று. அயகூச்சோ நகரப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த அபிமாயேல் குஸ்மான், காண்ட் பற்றி ஆய்வேடு எழுதியவர். 1960களில் சீனாவுக்குப் போய்வந்தவர். சீனாவே மாவோவிடமிருந்து விலகத் தொடங்கிய சமயத்தில் இவர் மாவோவை இறுகப் பிடித்துக்கொண்டார். 1980 மே 17 அன்று சுஸ்சி கிராமத்தில் வாக்குப்பெட்டிகளை எரித்து இவருடைய 'ஒளிரும் பாதை' இயக்கம் யுத்தத்தைத் தொடங்கியது. அதே டிசம்பரில் லிமா நகர விளக்குக் கம்பங்களில் செத்த நாய்கள் தொங்கின. மாவோவுக்குத் துரோகம் செய்தவர் என்று தெங் ஸியாவ்பிங்கை ஏசும் வாசகங்கள் அவற்றின்மேல் கட்டியிருந்தன. பெருவில் சீனத்துச் சச்சரவின் கோஷத்தை முதலில் உடம்பில் தாங்கியவை அந்த நாய்கள். பின்னர் மனிதர்களைக் கொன்று உடல்மீது அட்டை வைத்துப் போனதும் உண்டு.

1983 ஏப்ரல் 3 அன்று லுக்கனமார்காவில் குழந்தைகள் உட்பட 69 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலும் கோடாலியும் வெட்டுக்கத்தியும்தான் ஆயுதம். 1980 முதல் 2000 வரை இறந்தவர்களும் காணாமல்போனவர்களுமாக ஏறத்தாழ 69,280 பேர் என்று உண்மை ஆணையம் 2003இல் கணக்கிட்டது. அதற்குத் தெரியவந்த சாவுகளில் பாதிக்குச் சற்று மேல் ஒளிரும் பாதையின் கணக்கில். ராணுவமும் போலீசும் கொன்றதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. பலியானவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பூர்வ மொழிகளைப் பேசியவர்கள். எந்த மக்களுக்குச் சேவை செய்யக் கிளம்பினார்களோ, அந்த மக்கள்.

வங்கியில் தினமும் பேரர் செக் பார்க்கிறவன் நான். அதைக் கொண்டுவருகிறவருக்கு அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. யாருடைய கணக்கில் பற்று விழுகிறது என்பதுதான் கேள்வி. நடிகையின் தோளிலிருந்த செக் சீனாவில் வாங்கியது. பெருவில் நீட்டியபோது பற்று விழுந்தது செத்தவர்கள் கணக்கில்.

நடிகையை ஏசுவது சுலபம். அவருக்கு அந்த வாசகத்தின் பின்னணி தெரியாது. பேராசிரியருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இருவரும் செய்த பிழை ஒன்றே என்று எனக்குப் படுகிறது. வாசகத்தை அது பிறந்த மண்ணிலிருந்தும் கரிச்சூளையிலிருந்தும் பிரித்தெடுத்து, எங்கே கொண்டுபோனாலும் அது அதுவாகவே இருக்கும் என்று இருவரும் நம்பினார்கள். ஒருவர் அதை அலங்காரமாக்கினார், ஒருவர் ஆயுதமாக்கினார். வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்த பாடமும் இந்த நம்பிக்கையைத்தான் ரசனை என்ற பெயரில் வளர்த்தது. குஸ்மான் 1992இல் பிடிபட்டு 2021இல் சிறையில் இறந்தார். பாடம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த ஆணையம் சுமார் 17,000 பேரின் வாக்குமூலங்களைச் சேகரித்தது. கெச்சுவாவில் அழுதுகொண்டே சொன்னவர்கள் அதில் ஏராளம். எந்த வரியைப் படித்தாலும் இது எங்கெல்லாம் எழுதப்பட்டது, யார் உடம்பில் தொங்கியது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். இப்படிக் கேட்டால் கவிதை கெட்டுப்போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்டதனால் கெட்டுப்போகிற கவிதை கெட்டே போகட்டும்.