காத்து எங்கிருந்து வருது? குட்டி கிரைண்டர் ஒன்றின் பெரிய கதை

மொட்டை மாடியிலோ கார் ஷெட்டிலோ சின்னதா ஒரு பட்டறை போட்டிருக்கிறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "காத்துல ஓடுற டை கிரைண்டர் வாங்கலாமா? எது வாங்கலாம்?" பதில் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஆல்ப்ஸ் மலைக்குள்ள ஒரு தடவை போயிட்டு வரணும்.

முதல்ல பொருளைப் பார்த்துடுவோம். டை கிரைண்டர் உள்ளங்கையில் அடங்குற சைஸ். முன்னாடி கால் இஞ்ச் காலெட், அதுல ஒரு குட்டி அரைக்கிற கல்லோ கார்பைடு பர்ரோ மாட்டலாம். வெல்டிங் மேட்டைத் தேய்க்க, ஓட்டையின் ஓரத்தில் நிற்கிற பிசிறை எடுக்க, பைக் சிலிண்டர் ஹெட்டின் உள்பக்கத்தை வழவழப்பாக்க இதுதான் தோது. லோடு இல்லாம சுத்தும்போது நிமிடத்துக்கு 20,000 முதல் 25,000 சுற்று. இவ்வளவு சின்ன உடம்புக்குள்ள இவ்வளவு வேகம் எப்படி? உள்ளே செம்புக் கம்பி சுத்தின மோட்டாரே கிடையாது. கொஞ்சம் மையம் தள்ளி வைத்த ஒரு உருளை, அதில் வெளியே உள்ளே நகர்கிற சில தகடுகள். காத்து அந்தத் தகடுகளைத் தள்ளிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். உண்மையான எஞ்சின் நாலு மீட்டர் தள்ளி, கம்ப்ரஸரில் இருக்கு.

"எஞ்சின் அங்கே, வேலை இங்கே" என்கிற இந்த ஐடியாவைப் பெரிய அளவில் நிரூபித்துக் காட்டிய இடம், இத்தாலியையும் பிரான்ஸையும் இணைக்கிற மோன் செனி ரயில் சுரங்கப்பாதை. நீளம் 12 கிலோமீட்டருக்கு மேல். 1857-ல் வேலை ஆரம்பிச்சப்போ ஆட்கள் கையால்தான் பாறையில் துளை போட்டாங்க. நடுவில் கிணறு மாதிரி இறக்கி, பல முனைகளில் இருந்து தோண்டவும் வழியில்லை, மலை அவ்வளவு உயரம். நீராவி எஞ்சினை உள்ளே கொண்டுபோனா புகையிலேயே எல்லாரும் மூச்சுத் திணறிப் போயிடுவாங்க.

ஜெர்மேன் சொம்மேயே என்கிற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடிச்ச வழி, காத்து. மலையோடைத் தண்ணியின் விசையை வைத்து வெளியே காற்றை அழுத்தினாங்க. அதைக் குழாய் வழியா உள்ளே அனுப்பி, துளை போடும் இயந்திரங்களை ஓட்டினாங்க. 1861-ல் இத்தாலிப் பக்கம் இது ஆரம்பமாச்சு. இயந்திரத்தை விட்டு வெளியே வந்த காத்து, உள்ளே இருந்தவங்க சுவாசிக்கவும் உதவியது. கால் நூற்றாண்டு ஆகும்னு கணக்குப் போட்ட வேலை 14 வருஷத்தில் முடிந்தது. 1871 செப்டம்பரில் பாதை திறந்தப்போ சொம்மேயே இல்லை, இரண்டு மாசம் முன்னாடி ஜூலையில் இறந்துட்டார்.

இதில் நமக்கு என்ன பாடம்? துளை போடுற இயந்திரத்துக்குச் சமமா அவங்க கம்ப்ரஸருக்கு மெனக்கெட்டாங்க. நாம கடைக்குப் போனதும் முதல்ல கிரைண்டரின் பிராண்டைக் கேட்கிறோம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்ககிட்ட 50 லிட்டர் டேங்க் இருக்கு. 8 பாரில் இருந்து 6 பாருக்கு இறங்குற வரைக்கும் அதிலிருந்து கிடைக்கிறது வெளிக்காத்து அளவில் சுமார் 100 லிட்டர். டை கிரைண்டர் விடாம ஓடினா நிமிடத்துக்கு 280 லிட்டர், அதாவது 10 சிஎஃப்எம், சாதாரணமா குடிக்கும். கம்ப்ரஸர் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 150 லிட்டர் நிரப்பிக்கிட்டே இருந்தாலும், முக்கால் நிமிடத்தில் அழுத்தம் 6 பாருக்குக் கீழே விழுந்துடும். அப்புறம் கல் சுத்தும், ஆனா வெட்டாது.

பல கேட்லாக்குகளில் "சராசரி" என்று போட்டிருக்கிற எண், டூல் விட்டு விட்டுத்தான் ஓடும்னு வெச்சுப் போட்ட கணக்கு. தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்க. கம்ப்ரஸர் பக்கமும் அப்படித்தான்: டேங்க் சைஸைவிட, 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எத்தனை சிஎஃப்எம் தருது என்பதுதான் முக்கியம்.

சரி, உங்க கம்ப்ரஸர் சின்னது, வேலையும் நுணுக்கமானது என்றால்? அதுக்குப் பென்சில் கிரைண்டர் இருக்கு. 3 மில்லிமீட்டர் பிட்டு, 50,000 சுற்றுக்கு மேல் போகும் மாடல்கள் உண்டு, பொதுவா காத்தும் கம்மி. ஏன் இவ்வளவு வேகம்? 10 மில்லிமீட்டர் கல் 25,000 சுற்றில் சுத்தினா அதன் விளிம்பு நிமிடத்துக்கு 785 மீட்டர் ஓடுது. அதே சுற்றில் 3 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு 236 மீட்டர்தான். சின்ன பிட்டு ஒழுங்கா வெட்டணும்னா வேகம் ஏறியே ஆகணும். பல் டாக்டர்களின் உலகம் இதை நல்லா அறியும். நியூசிலாந்தின் ஜான் வால்ஷ் 1949-ல் காத்து டர்பைன் கைக்கருவிக்குக் காப்புரிமை கேட்டார். 1957-ல் ஜான் போர்டனின் ஏரோட்டர் சுமார் 3 லட்சம் சுற்றுடன் சந்தைக்கு வந்தது. நம்ம பல்லில் "கீ...ச்" என்று கேட்கிற சத்தம் அந்தப் பரம்பரைதான்.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. இனிமேல் சொல்றதுதான் நான் இந்த எபிசோடைப் பண்ணக் காரணம்.

எஞ்சினை மலைக்கு வெளியே வைக்கலாம், புகையை வெளியே வைக்கலாம். அதிர்வையும் தூசியையும் அப்படி வைக்க முடியாது, அது கையிலேயும் மூக்கிலேயும் தான் இருக்கும். 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்கிற டாக்டர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊருக்குப் போனாங்க. சுண்ணாம்புக்கல் செதுக்குற ஊர், எல்லார் கையிலும் காத்துச் சுத்தியல். அவங்க பார்த்த 38 பேரில் பத்துக்கு ஒன்பது பேர் விரல்கள் குளிரில் வெள்ளை வெளேர்னு மாறி மரத்துப் போச்சு. உளியைப் பிடிக்கிற இடது கையில் பாதிப்பு அதிகம். அவங்க சொன்ன காரணங்கள் மூணு: இறுக்கிப் பிடிக்கிறது, அதிர்வு, குளிர்.

காரணம் தெரிஞ்சிடுச்சு, தீர்ந்திருக்கும்னு நினைப்பீங்க. 60 வருஷம் கழிச்சு, 1978-ல் அதே ஊரில் மறுபடியும் பரிசோதிச்சாங்க. பத்துக்கு எட்டு பேருக்கு அதே வெள்ளை விரல். அதே மாதிரி சுத்தியல்கள்தான் இன்னும் ஓடிக்கிட்டிருந்தது.

தூசியின் கதை கொஞ்சம் வேற மாதிரி. வெர்மான்ட் மாநிலத்தின் பாரி ஊரில் கிரானைட் சிற்பிகள், பலர் இத்தாலியில் இருந்து வந்தவங்க. கைச்சுத்தியல் காலத்தில் பெரிய சில்லுகள் கீழே விழும். காத்துக் கருவி வந்ததும் கண்ணுக்குத் தெரியாத மாவாகிப் பறந்தது, குளிருக்காக மூடி வைத்த கொட்டகைகளில் அப்படியே தங்கியது. சிலிகோசிஸ், அதன் பின்னாடியே காசநோய். 1930-களின் கடைசியில் உளி பக்கத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாய்களை வெச்சாங்க. அதுக்கப்புறம் வேலைக்குச் சேர்ந்தவங்ககிட்ட அந்த நோய் பெரும்பாலும் வரவே இல்லை. கருவி அதேதான், பக்கத்தில் ஒரு குழாய் கூடுதலா வந்தது.

இப்போ உங்க பட்டறைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தேய்க்கிறவர் பெட்ஃபோர்டு தொழிலாளி கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனா ஹாமில்டன் சொன்ன மூணையும் வைத்தே கிரைண்டரைத் தேர்ந்தெடுக்கலாம். குளிர்: வெளியேறும் காத்து ஜில்லுனு இருக்கும், அதனால விரல் பக்கம் ஊதாம பின்பக்கமா காத்தை விடுற மாடலா பாருங்க. அதிர்வு: வளைந்த தண்டு, தேய்ந்து கோணலான கல், இரண்டையும் தூக்கிப் போடுங்க. பிட்டின் மேல் எழுதியிருக்கிற அதிகபட்சச் சுற்று, கிரைண்டரின் சுற்றைவிட அதிகமா இருக்கணும். தண்டு காலெட்டுக்கு வெளியே எவ்வளவு நீளமா நீட்டுதோ அந்த அளவுக்கு ஆபத்து. இறுக்கம்: கல் வெட்டலைன்னா அழுத்தாதீங்க. அழுத்தம் விழுந்திருக்கும், இல்லைன்னா அலுமினியம் கல்லில் அப்பியிருக்கும். அலுமினியத்துக்கு அகலமான பல் உள்ள பர் போடுங்க.

அப்புறம் கண்ணாடி, மாஸ்க், பக்கத்தில் ஒரு வாக்குவம் குழாய். வேலை முடிஞ்சதும் மேசையைக் காத்தடிச்சு சுத்தம் பண்ற பழக்கம் வேண்டாம், படிஞ்ச தூசியை மறுபடி மூக்குக்கு அனுப்புற வேலை அது. தினமும் ஓட்டுறதுக்கு முன்னாடி காத்து நுழையுற வாயில் இரண்டு மூணு சொட்டு எண்ணெய், முடிச்சதும் டேங்கில் தேங்கின தண்ணியை வடிச்சு விடுங்க.

கடைக்காரர் கிரைண்டரைக் கையில் கொடுத்து "பாருங்க, எவ்வளவு லேசு" என்பார். லேசுதான். மீதி எடை எங்கே இருக்குன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.