ஓ.டி. தக்டே

போன வருஷம் எங்கள் தொழிற்சாலைக்குப் பொருள் சுமக்கும் ரோபோ ஒன்று வந்தது. ஊழியர்களே இணையத்தில் பெயர் சொல்லி வாக்களிக்கட்டும் என்றது நிர்வாகம். அந்தப் பக்கத்தைச் செய்துகொடுத்தவன் நான். மூன்றாம் நாள் முன்னணியில் நின்ற பெயர் ‘ஓ.டி. தக்டே’. ஓவர்டைம் இல்லை என்று மலாயில் அர்த்தம். மேலேயிருந்து போன் வந்தது. பக்கத்தை மூடிவிட்டேன்.

அன்றிரவு சரியாகத் தூக்கம் வரல. 2016 மார்ச்சில் நடந்த இரண்டு சம்பவங்களைத் தேடிப் படித்தேன்.

ஒன்று, மைக்ரோசாஃப்ட் மார்ச் 23 அன்று டுவிட்டரில் விட்ட ‘டே’ என்ற உரையாடும் நிரல். மக்களோடு பேசிப் பேசியே கற்றுக்கொள்ளும் என்றார்கள். சிலர் வேண்டுமென்றே இனவெறிப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தார்கள்; அதுவும் அப்படியே திருப்பிச் சொன்னது. ஒரே நாளுக்குள் நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டது நிறுவனம்.

இன்னொன்று பிரிட்டனில். 20 கோடி பவுண்டு செலவில் கட்டும் துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் சொல்லுங்கள் என்று இயற்கைச் சுற்றுச்சூழல் ஆய்வு மன்றம் பொதுமக்களைக் கேட்டது. முன்னாள் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் விளையாட்டாக ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்றார். நம்ம பாஷையில் ‘படகுமூஞ்சிப் படகப்பன்’ என்று வைத்துக்கொள்ளலாம். 124,109 வாக்குகளோடு அதுதான் முதலிடம்!

ஆனால் இறுதி முடிவு தன்னுடையது என்று மன்றம் முதலிலேயே சொல்லியிருந்தது. மே மாதம் கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோவின் பெயர் அறிவிக்கப்பட்டது. ஏமாத்திட்டாங்க என்று சத்தம் எழுந்தது. நாடாளுமன்றக் குழு ஒன்று மன்றத்தின் தலைமை நிர்வாகியைக் கூப்பிட்டு விசாரித்தது. மக்கள் சொன்ன பெயரோ குப்பைக்குப் போகவில்லை. கப்பலோடு தொடர்புடைய மஞ்சள் நிறத் தானியங்கி நீர்மூழ்கிக்கு அது வைக்கப்பட்டது. 2017இல் அந்த ‘போட்டி’ அண்டார்டிக் ஆழ்கடலில் இறங்கி நீரோட்டத்தை அளந்தது.

கூட்டத்திடம் கேள்வி கேட்டால் என்ன பதில் வரும் என்று எந்த இன்ஜினியராலும் கணக்குப் போட முடியாது. வரும் பதிலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை முன்கூட்டியே யோசிக்கலாம். ‘டே’யைச் செய்தவர்கள் அதைப் போதுமான அளவு யோசிக்கவில்லை. நானும்தான். அந்தப் பெயரை ரோபோவுக்கு வைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஓவர்டைமைப் பற்றி ஒரு கூட்டமாவது போடுங்கள் என்று மேலே சொல்லியிருக்கணும். சொல்லல.

ரோபோவுக்கு இப்போது ஓர் எண்தான். இரவு ஷிஃப்டில் மட்டும் யாரும் அந்த எண்ணைச் சொல்வதில்லை.